ஸ்டென்ட் வைத்த பிறகு உடற்பயிற்சி: மருத்துவமனையிலா, வீட்டிலிருந்தே செல்போன் வழியாகவா?

ஸ்டென்ட் வைத்தோ பைபாஸ் செய்தோ வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரியில் மாத்திரைப் பட்டியலே முக்கால் பக்கம் வரும். எந்த வேளைக்கு எது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா எல்லாம் தெளிவாக இருக்கும். கடைசியில் ‘தினமும் நடைப்பயிற்சி செய்யவும்’ என்று ஒரே ஒரு வரி. எவ்வளவு தூரம், என்ன வேகம், எந்த வாரத்திலிருந்து, மூச்சு வாங்கினால் நிறுத்துவதா தொடர்வதா, மாடிப்படி ஏறலாமா என்பதெல்லாம் அவரவர் சாமர்த்தியம்.

அந்த ஒரு வரியில் சுருங்கிப்போனது உண்மையில் ஒரு முழு சிகிச்சை. கார்டியாக் ரிஹாப் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். நோயாளியின் தாங்கும் சக்தியைப் பரிசோதித்து, அதற்கேற்ற அளவில் உடற்பயிற்சி கொடுத்து, வாரா வாரம் கூட்டிக்கொண்டே போவார்கள். கூடவே சாப்பாடு, மாத்திரை, புகையை விடுவது, பயத்தையும் மனச்சோர்வையும் கவனிப்பது எல்லாம் சேர்ந்து வழக்கமாக 8 முதல் 12 வாரம். இதற்கு ஆதாரம் பலமாகவே இருக்கிறது. 85 ஆய்வுகளையும் அவற்றில் கலந்துகொண்ட 23,000-க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் சர்வதேச அமைப்பு) அலசல் 2021-இல் வந்தது. உடற்பயிற்சி அடிப்படையிலான ரிஹாப் செய்தவர்களிடம் இதய நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. மறுபடி மாரடைப்பு வருவதும் மருத்துவமனையில் சேருவதும்கூடக் குறைந்திருந்தன. ஒரு மாத்திரை இவ்வளவு செய்திருந்தால் அதைச் சீட்டில் முதல் வரியிலேயே எழுதியிருப்பார்கள்.

எழுதாததற்குப் பெரிய காரணம், அனுப்பி வைக்க இடம் இல்லாததுதான். 203 நாடுகளில் 111 நாடுகளில் மட்டுமே இந்தச் சேவை இருக்கிறது என்று 2019-இல் வெளியான உலகக் கணக்கெடுப்பு சொன்னது. இருக்கிற நாடுகளிலும் பெரிய நகரத்துப் பெரிய மருத்துவமனைகளில்தான் அது கிடைக்கும். வாரம் மூன்று நாள், 12 வாரம் என்றால் 36 முறை போய்வர வேண்டும். போடியிலிருந்தோ திருச்சுழியிலிருந்தோ மதுரைக்கு 36 முறை, அதுவும் துணைக்கு ஒரு ஆளோடு, எந்தக் குடும்பத்தால் முடியும்? அதனால்தான் வீட்டிலேயே, செல்போன் வழியாக ரிஹாப் செய்யலாமா என்ற கேள்வி வருகிறது. செய்யலாம். ஆனால் யாருக்கு, எந்த வகையில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மருத்துவமனையில் செய்வது

டிரெட்மில் அல்லது சைக்கிள், நெஞ்சில் ஒட்டிய ஈ.சி.ஜி. பட்டைகள், முன்னும் பின்னும் பி.பி. பார்க்க ஒரு நர்ஸ், அறையிலேயே ஷாக் கொடுக்கும் கருவி. பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. கண்காணிப்பில் நடக்கும் பயிற்சியின்போது இதயம் நின்றுபோவது, நோயாளிகள் பயிற்சி செய்த நேரத்தையெல்லாம் கூட்டினால், ஒரு லட்சத்துச் சொச்சம் மணி நேரத்துக்கு ஒரு முறை என்ற அளவில்தான் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2007-இல் தொகுத்த கணக்கு காட்டுகிறது. அப்படியே நடந்தாலும் பக்கத்தில் ஆள் இருக்கிறது.

ஒரு லாபத்தை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை: பக்கத்து டிரெட்மில்காரர். மூன்று மாதத்துக்கு முன் பைபாஸ் செய்தவர் வேர்க்க வேர்க்க நடப்பதைப் பார்த்தால், போன மாதம் ஸ்டென்ட் வைத்தவருக்கு வரும் தைரியத்தை எந்த ஆலோசனையும் தராது.

குறை, போகிறவர்கள் பாதியில் நின்றுவிடுவது. ஆஸ்திரேலியாவில் மாரடைப்பு வந்த 120 பேரை இரண்டாகப் பிரித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் மையத்துக்கு வர வேண்டும், இன்னொரு பிரிவினர் வீட்டிலிருந்தே ஸ்மார்ட்போன் வழியாகச் செய்யலாம். பயிற்சியை முடித்தவர்கள் மையத்தில் 47 சதவீதம், ஸ்மார்ட்போன் பிரிவில் 80 சதவீதம். போக்குவரத்து நன்றாக இருக்கிற ஊரிலேயே இதுதான் நிலைமை.

வீட்டில், நேரலையில்

இதில் நோயாளி வீட்டில் நடப்பார், அல்லது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்வார். வீடியோவிலோ நெஞ்சில் கட்டிய உணர்வி (சென்சார்) வழியாகவோ பிசியோதெரபிஸ்ட் அந்த நேரத்திலேயே பார்த்துக்கொண்டிருப்பார். நியூசிலாந்தில் 162 பேரிடம் 12 வாரம் இப்படிச் செய்து பார்த்த ஆய்வு 2019-இல் வந்தது. தாங்கும் சக்தியில் மையத்துக்குப் போனவர்களுக்கு இவர்கள் சளைக்கவில்லை. செலவும் குறைவு.

எங்கள் பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தபின் நாங்கள் தேர்ந்தெடுத்தது இந்த வகைதான். ஒரு வகுப்பு எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். ஸ்டூலின் மேல் ஒரு சொம்பு, அதில் சாய்த்து வைத்த செல்போன். பெரியப்பா கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கிறார். அந்தப் பக்கம் பிசியோதெரபிஸ்ட் பெண். “ஐயா, நிக்காம நடந்துக்கிட்டே சொல்லுங்க, இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?” பெரியப்பா, “இட்லி... மூணு... தக்காளிச் சட்னி...” என்று சொல்லுக்குச் சொல் மூச்சு இழுத்தார். கையில் கட்டிய வாட்ச் இதயத் துடிப்பு 98 என்று காட்டியது, பச்சை நிறத்தில். அந்தப் பெண் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. “வேகத்தைக் குறைச்சுக்கோங்க ஐயா. முழுசா ஒரு வாக்கியம் சொல்ல முடியணும்” என்றார்.

இதற்குப் பின்னால் இருக்கிற காரணத்தைத் தெரிந்துகொண்டால் பல செயலிகளின் குறையை அடையாளம் கண்டுவிடலாம். மாரடைப்பு வந்தவர்களில் நிறையப் பேர் மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பார்கள். அதன் வேலையே இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பது. ஆனால் பல செயலிகள் 220-இலிருந்து வயதைக் கழித்து இலக்கு வைக்கின்றன. 62 வயதுக்காரருக்கு 158, அதில் 70 சதவீதம் என்றால் சுமார் 110. பீட்டா பிளாக்கர் எடுக்கிற ஒருவர் உயிரைக் கொடுத்து நடந்தாலும் 110 வராமல் போகலாம். செயலியோ ‘இன்னும் வேகமாக’ என்று தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டே டிரெட்மில் டெஸ்ட் எடுத்து, அதில் வந்த துடிப்பை வைத்து இலக்கு குறித்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். இல்லாவிட்டால் பேச்சுச் சோதனை போதும்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே சொல்வதற்கு 6-இலிருந்து 20 வரை எண் போட்டிருக்கும் போர்க் அளவுகோலைச் சொல்லிக் கொடுத்திருந்தால் தொடக்கத்தில் 11 முதல் 13 வரை. ‘லேசு’க்கும் ‘கொஞ்சம் கஷ்டம்’ என்பதற்கும் நடுவில்.

வாட்ச்சை வேண்டாம் என்று சொல்லவில்லை. எத்தனை நாள் நடந்தோம் என்று கணக்கு வைக்க அது நல்ல கருவி. மணிக்கட்டில் ஒளி அடித்துத் துடிப்பை எண்ணுகிற அந்த உணர்வி, கை வீசும்போதும் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கும்போதும் தடுமாறும். நெஞ்சுப் பட்டை அதைவிட நம்பகமானது.

வீட்டில், அவரவர் நேரத்தில்

மூன்றாவது வகையில் யாரும் நேரலையில் இருக்க மாட்டார்கள். செயலியிலோ வாட்ஸ்அப்பிலோ பயிற்சி வீடியோ வரும், நோயாளி தன் நேரத்தில் செய்துவிட்டு பி.பி., எடை, நடந்த தூரம் எல்லாவற்றையும் பதிவார். வாரம் ஒரு முறை ஒருவர் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார். மேலே சொன்ன ஆஸ்திரேலியத் திட்டம் இந்த வகைதான். சீனாவில் ஷாங்காயில் ஸ்டென்ட் வைத்த 312 பேருக்கு வீசாட் (அங்கே வாட்ஸ்அப் மாதிரி) வழியாகவே ரிஹாப் கொடுத்தார்கள். இரண்டு மாதம் தீவிரமாக, அப்புறம் நான்கு மாதம் தளர்வாக. ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் நன்றாகவே கூடியது. ஆனால் அதில் ஒப்பிட்டது ரிஹாப் எதுவும் இல்லாத வழக்கமான சிகிச்சையோடு. ஒன்றும் இல்லாததைவிட மேல் என்று அது நிரூபித்தது, மருத்துவமனைக்குச் சமம் என்று அல்ல.

வீட்டு ரிஹாப்பும் மைய ரிஹாப்பும் சமம் என்பதற்கு வேறு ஆதாரம் இருக்கிறது. 24 ஆய்வுகளையும் 3,046 பேரையும் சேர்த்துப் பார்த்த 2023 காக்ரேன் அலசல், ஒரு வருடம் வரை பார்த்ததில் மரணத்திலோ தாங்கும் சக்தியிலோ வாழ்க்கைத் தரத்திலோ குறிப்பிட்டுச் சொல்லும் வித்தியாசம் இல்லை என்றது. விளம்பரங்களில் இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். அந்த வீட்டுத் திட்டங்களில் போன் பண்ணிப் பேச, நேரில் வந்து பார்க்க ஆள் இருந்தது. கலந்துகொண்டவர்களிலும் ஆபத்து குறைந்தவர்களே அதிகம். ஆள் இல்லாத செயலியை இறக்கிக்கொண்டு தானாகச் செய்வதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதிகிற எண்ணை யாரோ ஒருவர் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறார் என்றால், பட்டன் போனும் நாற்பது பக்க நோட்டும்கூடப் போதும். யாரும் பார்ப்பதில்லை என்றால் எவ்வளவு அழகான செயலியாக இருந்தாலும் மூன்றாவது வாரம் அதை மறந்துவிடுவார்கள்.

இரண்டும் கலந்தது

முதல் பரிசோதனையும் சில வகுப்புகளும் மருத்துவமனையில், மீதி வீட்டில். போலந்தில் இதயச் செயலிழப்பு (இதயம் பலவீனமாகி ரத்தத்தைத் தேவையான அளவு தள்ள முடியாத நிலை) உள்ள 850 பேரிடம் முதல் வாரம் மருத்துவமனையிலும் அடுத்த 8 வாரம் வீட்டில் தொலைக் கண்காணிப்பிலும் என்று நடத்தினார்கள். தாங்கும் சக்தியும் வாழ்க்கைத் தரமும் கூடின. ஆனால் இரண்டு வருடத்தில் மரணத்தையும் மருத்துவமனையில் சேருவதையும் வைத்துக் கணக்குப் பார்த்தபோது வித்தியாசம் வரவில்லை. நோய் முற்றியவர்களிடம் ஒன்பது வாரத்தில் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தூரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு நடைமுறையில் பொருந்துவது இந்த வழிதான்.

யோகா போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவிலேயே 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் செய்து பார்த்து 2020-இல் முடிவு வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் 13 வகுப்பு, மற்ற நாளில் வீட்டில். மரணம், மறு மாரடைப்பு போன்றவை யோகா பிரிவில் 6.7 சதவீதம், மற்றவர்களிடம் 7.4 சதவீதம். அது யோகாவால்தான் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் ‘உடம்பு தேவலை’ என்று உணர்வதிலும் பழைய வேலைகளுக்குத் திரும்புவதிலும் யோகா செய்தவர்கள் முன்னே இருந்தார்கள். நடக்கவே மாட்டேன் என்று அடம்பிடிப்பவருக்கு இது நல்ல வாசல். ஒன்று மட்டும்: யூடியூபைப் பார்த்துத் தலைகீழாக நிற்பதும் மூச்சை அடக்கிப் பிடிப்பதும் இதில் சேர்த்தி இல்லை.

யாருக்கு எது

முதல் சல்லடை இதயத்தின் நிலைமை. இதில் நம் விருப்பு வெறுப்புக்கு இடமே கிடையாது. எக்கோ ரிப்போர்ட்டில் ‘இ.எஃப்.’ என்று ஒரு எண் இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பது அது. 50-ம் அதற்கு மேலும் இருந்து, நடக்கும்போது நெஞ்சுவலி இல்லாமல், டிரெட்மில் டெஸ்ட்டில் துடிப்புக் கோளாறும் இல்லாவிட்டால் ஆபத்து குறைவு. இவர்கள் வீட்டில் செய்யலாம். 40-க்குக் கீழே இருப்பவர்கள், கொஞ்சம் நடந்தாலே நெஞ்சு பிடிப்பவர்கள், பயிற்சியின்போது பி.பி. இறங்குபவர்கள், ஒரு முறை இதயம் நின்று பிழைத்தவர்கள், உடம்புக்குள் ஷாக் கருவி வைத்தவர்கள் எல்லாம் மருத்துவமனையில்தான் தொடங்க வேண்டும். எவ்வளவு தூரமாக இருந்தாலும் சரி. நடுவில் இருப்பவர்களுக்குக் கலப்பு வழி. ஓய்வில் இருக்கும்போதே வலி வருகிறவர்கள், மூச்சுத்திணறலோ கால் வீக்கமோ கட்டுக்குள் வராதவர்கள், வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள் முதலில் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். பயிற்சி அப்புறம்.

பைபாஸ் செய்தவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. நெஞ்செலும்பு கூடுவதற்கு 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை நாலைந்து கிலோவுக்கு மேல் தூக்கச் சொல்ல மாட்டார்கள். தண்ணீர்க் குடம், பேரப்பிள்ளை எல்லாம் அதற்கு மேல்தான் வரும். பொதுவாக எல்லோருக்கும் என்று எடுத்த பயிற்சி வீடியோவில் கையை உயர்த்தி எடை தூக்கினால் இவர்கள் பார்த்துச் செய்துவிடுவார்கள். வீடியோ மட்டும் அனுப்புகிற திட்டம் இவர்களுக்கு ஒத்துவராது.

இரண்டாவது சல்லடை வீடு. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறான முடிவு எடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ‘வீட்டிலேயே செய்யலாம்’ என்றால் ஆண்களுக்கு ஒரு மாதிரி, பெண்களுக்கு வேறு மாதிரி. வீட்டில் ஒரு அம்மா அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உடற்பயிற்சி செய்ய முடியுமா? குக்கர் விசில் அடிக்கும், பால்காரர் வருவார், மருமகள் ஆபீஸ் கிளம்புவாள். முதல் வாரம் ‘அம்மா நடக்கிறாங்க, தொந்தரவு பண்ணாதீங்க’ என்பார்கள். மூன்றாவது வாரம் ‘வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே’ என்பார்கள். இல்லை. கூட்டுவதும் துவைப்பதும் உடம்பை அசைக்கும், அளந்து படிப்படியாகக் கூட்டுகிற பயிற்சிக்கு அது ஈடாகாது. இப்படிப்பட்ட அம்மாக்களுக்கு வாரம் இரண்டு நாளாவது வெளியே போய்ச் செய்கிற வழி இருந்தால், கொஞ்சம் சிரமப்பட்டாவது அதைத்தான் எடுப்பேன். வழி இல்லை என்றால் குறித்த நேரத்தில் வீடியோவில் ஆள் வருகிற நேரலை வகுப்பு. எதிரே ஒருவர் காத்திருக்கிறார் என்றால்தான் வீடும் மதிக்கும்.

அப்பாக்கள் விஷயத்தில் கதை வேறு. மாரடைப்பு வந்தவரைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்துக்கொள்வார்கள். மாடி ஏறாதே, பையைத் தூக்காதே, தனியாகப் போகாதே. பயம் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். இங்கே வீட்டு ரிஹாப்புக்கு மருத்துவமனையில் கிடைக்காத ஒரு பலம் உண்டு. சொந்தக் கூடத்தில், சொந்த மாடிப்படியில், மனைவி கண் முன்னால் அவர் செய்து காட்டுகிறார். எங்கள் பெரியம்மாவுக்கு நம்பிக்கை வந்தது டாக்டர் சொன்னபோது அல்ல, பெரியப்பா மாடி ஏறி வற்றல் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தபோதுதான்.

மூன்றாவது, செல்போன். வீட்டில் ஸ்மார்ட்போன் இருப்பதும் நோயாளி கையில் இருப்பதும் ஒன்றல்ல. பேரன் பள்ளிக்கூடம் போகும்போதே போனும் போய்விடும் என்றால் காலை வகுப்பு நடக்காது. செயலி ஆங்கிலத்தில் மட்டும் இருந்தாலோ, வீட்டுக்குள் சிக்னல் இல்லாமல் மொட்டைமாடிக்குப் போனால்தான் வீடியோ வரும் என்றாலோ, வாரம் இரண்டு சாதாரண போன் அழைப்பே மேல்.

பணம் கட்டும் முன்

சேவை நடத்துகிறவர்களிடம் நான் கேட்கச் சொல்வது இவைதான். நாங்கள் பதிகிற எண்களை யார் பார்ப்பார், பிசியோதெரபிஸ்டா, கணினியா? பி.பி. கூடியிருந்தால் எவ்வளவு நேரத்தில் கூப்பிடுவீர்கள்? டிரெட்மில் டெஸ்ட்டோ ஆறு நிமிட நடையோ பார்க்காமலே தொடங்குகிறீர்களா? (ஆமாம் என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.) வகுப்பு நடக்கும்போது நெஞ்சுவலி வந்தால் உங்கள் பக்கத்தில் என்ன செய்வீர்கள், எங்கள் முகவரி உங்களிடம் இருக்கிறதா? கடைசியில் மறுபடி பரிசோதித்து எழுதிக் கொடுப்பீர்களா? தமிழில் பேசுவீர்களா? இன்சூரன்ஸ் இருந்தால், மருத்துவமனையில் சேராமல் செய்யும் இந்தச் செலவு பாலிசியில் வருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை பில் போடும்போது உதவாது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, பிசியோதெரபிஸ்டும் வீடு தேடி வருகிறார். அது இதய ரிஹாப்புக்கென்று வடிவமைத்த திட்டம் அல்ல. ஆனால் கிராமத்தில் வீட்டிலிருந்தே செய்கிறவர்கள் பி.பி. பார்த்துக் குறித்துக்கொள்ள அவர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

எந்த வழியை எடுத்தாலும் வீட்டில் செய்கிறவர்கள் சிலவற்றை விடக் கூடாது. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகட்டும். இன்சுலின் போடுகிறவர்கள் நடப்பதற்கு முன் சர்க்கரை பார்க்கட்டும், பையில் இனிப்பு இருக்கட்டும். ஏப்ரல், மே வெயிலில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுவது நல்லது. இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தினமும் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் போடுங்கள். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சிரைப்பு எது வந்தாலும் உட்கார்ந்துவிட வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தால் சொன்னபடி வைக்க வேண்டும். அடங்காவிட்டால் 108. வாயுத் தொல்லையாக இருக்கும் என்று சோடா வாங்க ஆள் அனுப்புவது வேண்டாம்.

பணமும் தூரமும் இரண்டும் இடிக்கிறது, கலப்பு வழிகூட முடியாது என்கிறவர்கள் கேட்டுப் பார்க்க ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் ரிவ்யூவுக்கு என்று ஒரு நாள் மருத்துவமனைக்குப் போகத்தான் போகிறோம். அன்றைக்கே டிரெட்மில் டெஸ்ட் எடுக்க முடியுமா, அதை வைத்துப் பயிற்சி அளவை எழுதித் தருவார்களா, அங்கே இருக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒரு மணி நேரம் செய்து காட்டுவாரா, வாரம் ஒரு முறை கூப்பிட ஒரு எண் கிடைக்குமா என்று கார்டியாலஜிஸ்டிடம் நேராகவே கேளுங்கள். இந்த நான்கில் இரண்டுக்கு மேல் ‘சரி’ என்று பதில் வந்தால், பெயர் வைக்காத ஒரு வீட்டு ரிஹாப் உங்களுக்குக் கிடைத்துவிட்டது.